போக ஒரு வாசல், வர ஒரு வாசல்

மின்சாரக் கிட்டார் வாசிக்கிறவர்களின் காலடியில் இப்போதெல்லாம் ஒரு கறுப்புப் பெட்டி கிடக்கிறது. ஆர்மோனியப் பெட்டியை யாரோ மிதித்துத் தட்டையாக்கிவிட்டது போல இருக்கும். மேலே குமிழ்கள், காலால் அழுத்தும் பொத்தான்கள், நடுவே சின்னதாக ஒரு திரை. இதற்குள் இல்லாதது ஒன்றுமில்லை என்று விற்கிறவர்கள் சொல்லுகிறார்கள். அதில் பொய் அதிகம் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் எத்தனையோ, அவற்றின் ஒலிபெருக்கிகள், ஒரு காலத்தில் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்கிய பெடல்கள், பெரிய மண்டபத்தின் முழக்கம், சின்ன அறையின் முழக்கம், கிணற்றுக்குள் கூப்பிட்டாற்போன்ற எதிரொலி, எல்லாம் கணக்குகளாக அதற்குள் உட்கார்ந்திருக்கின்றன. நிஜச் சாமான்களாக வாங்கி அடுக்கினால் ஒரு வீடு வேண்டும்.

பெட்டியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். அங்கே வரிசையாகத் துளைகள். கிட்டாரின் கம்பி நுழைய ஒன்று, ஒலி வெளியேற இரண்டு, காதில் மாட்டிக்கொண்டு கேட்க ஒன்று. இவையெல்லாம் நியாயமான துளைகள். இவற்றுக்கிடையில் 'சென்ட்', 'ரிட்டர்ன்' என்று பெயர் எழுதிய ஒரு ஜோடியும் இருக்கும். பெட்டிக்குள் பாதி வழி வந்துவிட்ட ஒலியை ஒரு துளை வழியாக வெளியே அனுப்பி, அங்கே கிடக்கும் வேறொரு சாதனத்துக்குள் நுழைய விட்டு, மற்றத் துளை வழியாக மறுபடி உள்ளே வாங்கிக்கொண்டு, மிச்ச வழியைத் தொடருவதற்காக ஏற்பட்டது அது. 2015-இல் வந்த ஹீலிக்ஸ் என்ற பெரிய பெட்டியில் இப்படி நான்கு ஜோடி வைத்தார்கள். ஜப்பான்காரர்கள் 2018-இல் கொண்டுவந்த பாஸ் ஜிடி-1000 பெட்டியில் இரண்டு ஜோடி.

எல்லாம் உள்ளே இருக்கிறது என்று சொல்லுகிறவன் வெளியே போக வாசல் எதற்கு வைத்தான்? எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தச் சாமானானாலும் அதன் முதுகுப்புறத்தைப் பார்க்கிற சபலம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மின்சாரக் கிட்டாருக்குத் தானாகக் குரல் கிடையாது. தந்தி அதிர்வதைக் காந்தச் சுருள் மெல்லிய மின்சாரமாக்கித் தருகிறது. அந்த மின்சாரம் போகிற வழியில்தான் அதற்கு அலங்காரம் எல்லாம் நடக்கிறது. ஓரிடத்தில் கரகரப்பு ஏற்றுகிறார்கள். ஓரிடத்தில் எதிரொலி சேர்க்கிறார்கள். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதுதான் இந்தக் கலையில் பாதி. தாளித்துவிட்டுப் பருப்பை வேகவைப்பதும், பருப்பு வெந்தபின் தாளித்துக் கொட்டுவதும் ஒன்றாகுமா? சாமான் அதேதான்; குழம்பு வேறு.

கரகரப்பு முதலில், எதிரொலி பிறகு என்றால், கரகரத்த ஒரு ஸ்வரம் கேட்கும். அது தேய்ந்து தேய்ந்து பின்னால் திரும்பத் திரும்பக் கேட்கும். காதுக்குச் சுத்தமாக இருக்கும். மாற்றிப் போட்டால், எதிரொலிகளும் புதிதாக வாசித்த ஸ்வரமும் ஒன்றாகச் சேர்ந்து கரகரப்புக்குள் போய் விழுகின்றன. கரகரப்பின் சுபாவம் மெல்லிய ஒலியையும் தூக்கிவிடுவது. தேய வேண்டிய எதிரொலி தேயாது. போதாக்குறைக்கு இரண்டு ஸ்வரங்கள் அங்கே மோதி, யாருமே வாசிக்காத மூன்றாவது நான்காவது ஸ்வரங்களைப் பிறப்பிக்கும். சேறு என்று கிட்டார்காரர்கள் இதைச் சொல்லுகிறார்கள். சில பேர் அந்தச் சேற்றை வேண்டுமென்றே தேடிப் போவதும் உண்டு. அது ருசி பேதம்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நல்ல கரகரப்பு பெடலிலிருந்து மட்டும் வருவதில்லை. ஆம்ப்ளிஃபயரை முறுக்கிவிட்டால் அதன் வயிற்றுக்குள்ளேயே பிறக்கிறது. எதிரொலிச் சாதனமோ ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே, அதற்கு முன்னால் இருக்கிறது. அப்புறம் எப்படிக் கரகரப்புக்குப் பின்னால் எதிரொலியைக் கொண்டுபோவது? ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத்தான் அறுக்க வேண்டும். 1970களின் இறுதியிலும் அதற்குப் பின்னும் ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர்கள் அதைத்தான் செய்தார்கள். குணம் கொடுக்கிற முன்பாகம், பலம் கொடுக்கிற பின்பாகம், இரண்டுக்கும் நடுவில் அறுத்து, அறுத்த ஒரு முனைக்குச் சென்ட் என்றும் மறு முனைக்கு ரிட்டர்ன் என்றும் பெயர் வைத்தார்கள்.

ஆனால் அந்த யோசனை கிட்டார்காரர்களுடையதல்ல. அது ஒரு குளியலறையிலிருந்து வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? 1947-இல் சிகாகோ நகரத்தில் பில் பட்னம் என்ற ஒலிப்பதிவாளர், ஹார்மோனிகாட்ஸ் என்ற வாயார்மோனியக் கோஷ்டியின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்தார். 'பெக் ஓ மை ஹார்ட்' என்று பாட்டுக்குப் பெயர். ஒலிப்பதிவுக் கூடத்தின் குளியலறையில் ஓர் ஒலிபெருக்கியையும் ஒரு மைக்கையும் வைத்தார். கூடத்தில் வாசிப்பதில் ஒரு பங்கை அந்த ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். ஓடு பதித்த சுவர்களில் அது மோதிப் புரண்டு முழங்கியதை மைக்கால் வாங்கி, அசல் வாசிப்போடு கலந்தார். கேட்டவர்களுக்கு அந்தச் சின்ன வாத்தியங்கள் ஏதோ பெரிய வெளியில் நின்று வாசிப்பது போல் இருந்தது. இசைத்தட்டு அமோகமாக விற்றது. உபயோகத்திலிருக்கும் குளியலறையில் பதிவு முடிகிற மட்டும் எத்தனை பேர் அவஸ்தைப்பட்டார்களோ, அதைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் குறிக்கவில்லை.

அதற்குப் பிறகு இதற்கென்றே அறைகள் கட்ட ஆரம்பித்தார்கள். 1956-இல் ஹாலிவுட்டில் காப்பிடல் கம்பெனி வட்டமாக ஒரு கோபுரக் கட்டடம் எழுப்பியபோது, தரைக்கு அடியில் கான்கிரீட் அறைகளையும் கட்டிக்கொண்டது. வெறும் அறைகள், உள்ளே ஒலிபெருக்கி, மைக், இருட்டு, அவ்வளவுதான். லண்டனில் ஆபி ரோடு ஸ்டூடியோவின் எதிரொலி அறையில், ஒலி நேரே திரும்பிவிடாமல் சிதற வேண்டுமென்று பெரிய பெரிய சாக்கடைக் குழாய்களை நிற்க வைத்திருந்தார்கள். அறை கட்ட இடமில்லாதவர்களுக்காக ஜெர்மனியில் 1957-இல் இ.எம்.டி. 140 என்ற சாதனம் வந்தது. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் மெல்லிய இரும்புத் தகடு. அதை ஒரு சட்டத்தில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் ஒலியால் அதிர வைத்து, மறுபக்கம் அந்த அதிர்வை வாங்குவது. மொத்த எடை சுமார் 270 கிலோ. ஒரு முழக்கத்துக்கு அத்தனை கனம் வேண்டியிருந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை அறுத்து வைத்த வாசலில் சாதாரணமாக ஒலி முழுவதும் வெளியே போய் முழுவதும் திரும்புகிறது. குளியலறை விஷயத்தில் அப்படி இல்லை. அசல் தன் வழியே போய்க்கொண்டிருக்க, அதில் ஒரு பங்கு மட்டும் பிரிந்து போய் வருகிறது. ஆற்றையே வேறு பக்கம் திருப்பிவிடுவது ஒன்று. ஆறு ஓடிக்கொண்டிருக்கும்போதே மடையைத் திறந்து ஒரு வயலுக்குப் பாய்ச்சுவது ஒன்று. முன்னதில் வயல் பாழானால் ஆறும் போயிற்று. பின்னதில் அசலுக்கு அபாயமில்லை; எவ்வளவு அனுப்புவது என்பதும் எவ்வளவைத் திரும்பச் சேர்ப்பது என்பதும் மடையைப் பிடித்தவன் கையில் இருக்கிறது.

அந்த மடையைப் பிடித்தவர்களில் மகா வித்வான் ஒருவர் இருந்தார். ஜமெய்க்கா தீவின் கிங்ஸ்டன் நகரத்தில், ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்துக்கொண்டிருந்த மனிதர். கிங் டப்பி என்று பெயர். 1970களில் தம் வீட்டில் ஒரு கலவை மேஜையை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பதிவு செய்து கொடுத்த பாட்டுகளை அக்கக்காகக் கழற்றி மறுபடி கோத்தார். பாடகர் பாடிக்கொண்டிருப்பார், அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் எதிரொலிக்கு அனுப்புவார். அனுப்பிய மறு கணம் பாடகரின் குரலைச் சாத்திவிடுவார். பாடுகிறவன் போய்விட்டான், அவன் சொன்ன சொல் மட்டும் தாளத்தின் மேல் மிதந்து, திரும்பத் திரும்ப வந்து, தேய்ந்து மறையும். 'டப்' என்று அந்தச் சங்கீதத்துக்குப் பெயர். மேஜைதான் அவருக்கு வாத்தியம். 1989-இல் அவரை அவர் வீட்டு வாசலிலேயே யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவருடைய பதிவுகளைக் கேட்கும்போது இந்த விஷயத்தை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

கதை எழுதுகிறவனுக்கும் இந்த வித்தை கொஞ்சம் தெரிந்ததுதான். ஒரு பாத்திரத்தை ஊரைவிட்டு அனுப்புகிறோம். பத்து அத்தியாயம் கழித்துத் திரும்ப அழைத்து வருகிறோம். எந்த அத்தியாயத்தில் அனுப்பினோம், எதில் கொண்டுவந்து சேர்த்தோம் என்பதில்தான் கதை நிற்கிறது. நடுவில் அவன் ரங்கூனில் என்ன செய்தான் என்பதைச் சொல்லாவிட்டால்கூட வாசகர் மன்னித்துவிடுவார்.

சரி, பெட்டிக்கு வருவோம். டிஜிட்டல் பெட்டியில் அறுப்பது என்பதே இல்லை. திரையில் ஒரு கோடு. கோட்டின் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள். கரகரப்பு ஒரு கட்டம், ஆம்ப்ளிஃபயர் ஒரு கட்டம், முழக்கம் ஒரு கட்டம். சென்ட்டும் ரிட்டர்னும் அதேபோல ஒரு கட்டம்தான். ஆகவே வாசலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தலைமாட்டில், கால்மாட்டில், நடு வீட்டில். சில பெட்டிகளில் போகிற வாசலை ஓரிடத்திலும் வருகிற வாசலை வேறிடத்திலும் வைக்கலாம். சென்ட்டை மட்டும் வைத்து இன்னொரு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பிரதி அனுப்பலாம். ரிட்டர்னை மட்டும் வைத்து வேறொரு வாத்தியத்தை உள்ளே வாங்கலாம். ரிட்டர்னைச் சென்ட்டுக்கு முன்னால் வைத்து இரண்டையும் கம்பியால் இணைத்தால், போன ஒலி போன வழிக்கே திரும்ப வந்து சுற்றத் தொடங்கும். திரும்பும்போது கொஞ்சம் குறைந்து வந்தால் தேய்ந்து அடங்கிவிடும். கொஞ்சம் கூடி வந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பெருத்து, மைக்குக்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்தால் கல்யாணப் பந்தலில் கேட்குமே, அந்த ஊளை கேட்கும். அக்கம்பக்கத்தார் இருக்கிற வீட்டில் இந்தப் பரிசோதனை உசிதமல்ல.

வாசல் இஷ்டத்துக்குக் கிடைத்தாலும் தாண்டுவதற்கு ஒரு கூலி உண்டு. பெட்டிக்குள் ஒலி ஒலியாக இல்லை, எண்களாக இருக்கிறது. வினாடிக்கு 48,000 எண்கள் என்பது சாதாரணமான கணக்கு. வெளியே போக வேண்டுமானால் எண்களை மறுபடி மின்சாரமாக்க வேண்டும். திரும்பி வரும்போது மின்சாரத்தை மறுபடி எண்ணாக்க வேண்டும். இரண்டு சுங்கச் சாவடி மாதிரி. போய் வருவதற்கு ஒன்றிரண்டு மில்லி செகண்ட் தாமதமாகிறது. இதெல்லாம் ஒரு தாமதமா என்று கேட்கலாம். ஒரு மில்லி செகண்டில் காற்றில் ஒலி போகும் தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். கிட்டார்காரர் தம் ஒலிபெருக்கியைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றால் ஏற்படுகிற தாமதம்தான். ஒலி முழுவதும் அந்த வழியே போய் வருகிற வரையில் யாருக்கும் தெரியாது.

ஆனால் மடை திறக்கிற மாதிரி பாதியை உள்ளேயே வைத்துக்கொண்டு பாதியை வெளியே அனுப்பிக் கலந்தால் வருகிறது வினை. அசல் முன்னால் வந்து நிற்கும். அதே ஒலியின் பிரதி ஒரு மில்லி செகண்ட் பிந்தி வரும். வினாடிக்கு 500 தரம் அதிர்கிற ஸ்வரத்துக்கு அந்த நேரம் சரியாக அரை அதிர்வு. அசல் மேலே ஏறும்போது பிரதி கீழே இறங்கும். இரண்டும் சம அளவானால் அந்த ஸ்வரம் அடியோடு அழிந்துபோகும். அப்படியே 1500, 2500 என்று மேலே மேலே அழிவு. சீப்பின் பல் மாதிரி இடைவிட்டு இடைவிட்டு ஒலியில் ஓட்டை விழும். தகரக் குழாய்க்குள் வாயை வைத்துப் பேசுவது போன்ற பொள்ளல் ஓசை கேட்கும். வெளியிலிருந்து வருவது வெறும் எதிரொலியாக மட்டும் இருந்தால் இந்த வினை இல்லை. எதிரொலி எப்படியும் பிந்தி வர வேண்டியதுதானே. வெளிச் சாதனம் அசலையும் கூடவே சேர்த்துத் திருப்பி அனுப்பினால்தான் கஷ்டம். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் நல்ல பெட்டியைக் குறை சொல்லுகிறவர்கள் அநேகம் பேர்.

இன்னொரு கூலி அளவில் இருக்கிறது. பெடல்கள் கிட்டாரின் மெல்லிய மின்சாரத்துக்குப் பழகியவை. ஒலிப்பதிவுக் கூடத்துச் சாதனங்கள் அதைவிடப் பலமான மின்சாரத்தை எதிர்பார்க்கும். பெட்டியில் எந்த அளவு என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பாவம், பெடல் திணறும். ஆம்ப்ளிஃபயரின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் தனித்தனியே பெட்டியோடு இணைக்கிற நான்கு கம்பி முறை என்று ஒன்று உண்டு. அதில் இரண்டு சாதனங்களின் தரைத் தொடர்பும் வட்டமாகச் சேர்ந்துகொண்டு, நம் ஊர் மின்சாரத்தின் 50 சுழற்சி ரீங்காரத்தைப் பின்பாட்டாகச் சேர்க்கும். அந்தக் கதைக்குள் நான் போகவில்லை.

இத்தனை தொல்லையும் எதற்காக என்றால், வெளியே இருக்கிற ஏதோ ஒன்றுக்காக. அது எதுவாக இருக்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது திருச்சியில், பாலக்கரைப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டில்.

நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலிலும், மற்ற நாட்களில் கல்யாண வரவேற்புகளிலும் கிட்டார் வாசிக்கிறவர். அறுபதை நெருங்குகிறார். அவரிடம் ஓர் எதிரொலிப் பெடல் இருந்தது. 1984-இல், சிங்கப்பூர்க் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடம் தவணையில் வாங்கியது. வர்ணம் உரிந்து, ஒரு குமிழின் தலை போய், அதற்குப் பதில் பேனா மூடியைச் செருகியிருந்தார். அந்த ஜாதிப் பெடலுக்குள் இருப்பது ஒரு விநோதமான சில்லு. 1969-இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. தீப்பிடித்தால் கிணற்றடியிலிருந்து வரிசையாக ஆட்கள் நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவார்கள் அல்லவா? அதேபோல ஆயிரக்கணக்கான சின்ன மின்தேக்கிகள் வரிசையாக நின்று ஒலியின் மின்சாரத்தைக் கைமாற்றுகின்றன. கடைசி ஆள் கைக்கு வந்து சேருவதற்குள் நேரமாகிவிடுகிறது, அதுதான் எதிரொலி. வாளியில் தண்ணீர் தளும்பிச் சிந்துவது போல ஒலியின் கூர்மையும் வழியில் சிந்திப்போகிறது. ஆகவே ஒவ்வொரு எதிரொலியும் முந்தையதைவிட மங்கலாக, கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கிற மாதிரி கேட்கும். அது குறை என்றுதான் பிற்பாடு டிஜிட்டல் எதிரொலி வந்தது. அந்தக் குறைதான் வேண்டும் என்று இப்போது டிஜிட்டல் பெட்டிக்குள் கணக்குப் போட்டு மங்க வைக்கிறார்கள்.

சென்னையில் வேலைக்குப் போன மகள், முதல் வருஷச் சேமிப்பில் அப்பாவுக்குப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள். அதே சமயம் பெங்களூரிலிருந்து ஒரு பையன், அந்தப் பழைய பெடலுக்கு நண்பரின் ஒரு மாத வரும்படிக்கு மேலே விலை சொல்லியிருந்தான். நண்பர் வீட்டு ஓட்டுக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. விற்பதா வேண்டாமா என்று பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். என் காதை நம்பி அல்ல; நான் எந்தப் பக்கமும் சேராத ஆள் என்பதால்.

"உள்ளேயே இந்தப் பெடல் இருக்குதுன்னு சொல்றா சார். இருக்கட்டும். ரெண்டையும் போட்டுப் பாத்துரலாம்" என்றார்.

மகள் காரியக்காரி. பெட்டியின் சென்ட்டிலிருந்து ஒரு கம்பியைப் பெடலுக்கும், பெடலிலிருந்து ஒரு கம்பியை ரிட்டர்னுக்கும் கொடுத்தாள். திரையில் ஒரு வழியில் அந்த வாசலையும், இன்னொரு வழியில் பெட்டிக்குள் இருக்கும் நகலையும் வைத்தாள். முதலில் பெடல் சற்று உரக்கக் கேட்டது. உரக்கக் கேட்பதெல்லாம் நல்லதாகத் தோன்றும் என்பது சங்கீதத்துக்கு மட்டுமா பொருந்தும்? அவள் இரண்டையும் சம அளவாக்கிவிட்டு, "இனிமே சொல்லுங்கப்பா" என்றாள். நண்பர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வாசித்தார். பத்துத் தரம். அவள் எதை மாற்றினாள் என்பதைக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தாள்.

நண்பர் பத்தில் ஏழு சரியாகச் சொன்னார். எனக்கு நாலு.

"பாத்தியா, ஏழு" என்றார் மகளிடம்.

"ஏழு பெரிசில்லப்பா. காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாக்கூட ஆறு தடவைக்கு ஒரு தடவை ஏழோ அதுக்கு மேலேயோ வந்துரும்" என்றாள் அவள்.

நண்பர் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, கிட்டாரை வாசித்துக்கொண்டே வலது கால் பெருவிரலை நீட்டிப் பேனா மூடியைத் திருகினார். எதிரொலிகள் தேயாமல் நிமிர்ந்தன. ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஊளைக்குப் பக்கத்தில் போய் நின்றன. அங்கேயே ஒரு கணம் நிறுத்திவிட்டு, விரலை இந்தப் பக்கம் திருப்பி இறக்கிக்கொண்டு வந்தார். மாதா கோயிலில் கடைசிப் பாட்டு முடிகிறபோது இதைத்தான் செய்வாராம். ஜனங்கள் எழுந்து வெளியே போகிற வரைக்கும் அந்த ஒலி கூரையிலேயே சுற்றிக்கொண்டிருக்குமாம்.

"இதுக்கு என்னம்மா சொல்றே?" என்றார்.

மகள் திரையில் எதையோ தட்டினாள். பெட்டியின் ஓரத்தில் இருந்த மிதியை, உள்ளே இருக்கும் நகலின் அந்தக் குமிழோடு இணைத்துவிட்டாள். "மிதிச்சுப் பாருங்கப்பா." நண்பர் மிதித்தார். ஒலி ஏறியது. நின்றது. இறங்கியது. பழையதைவிடச் சௌகரியமாகவே இருந்தது. பெருவிரலுக்கு வேலை இல்லை.

"இதுவும் வருதே" என்றார் நண்பர். அவ்வளவு வருத்தமாக ஒரு சாதனத்தை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

விற்றுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. ஒழுகுகிற கூரைக்கடியில் சாமானை வைத்துக்கொண்டு சங்கீத ரசனை பேசுவது மற்றவர்களுக்குச் சுலபம். பெட்டி செய்கிறவர்கள் எதற்காக வாசல் வைத்தார்கள் என்பதும் அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. பாதி வியாபார புத்தி. பழைய சாமானைத் தூக்கிப் போடு என்று சொன்னால் எந்த வாத்தியக்காரனும் புதிது வாங்க மாட்டான், வைத்துக்கொள், இதோ வழி என்று சொன்னால் வாங்குவான். மிச்சப் பாதியைக் கௌரவமான எண்ணம் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை கணக்குப் போட்டாலும் நாம் நினைத்துப் பார்க்காத ஏதோ ஒன்று வெளியே ஒருவனிடம் இருக்கும் என்று ஒத்துக்கொள்ளுகிற எண்ணம்.

பெங்களூர்ப் பையன் நேரிலேயே வந்து, பெடலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். பேனா மூடியையும் அதோடேயே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டானாம். ஓடு மாற்றியாயிற்று.

போன மாதம் திருச்சிக்குப் போனபோது மாதா கோயிலில் நண்பர் வாசித்ததைக் கேட்டேன். கடைசிப் பாட்டில் மிதியை மிதித்து அதேபோல ஏற்றி இறக்கினார். பிறகு சாமான்களைக் கட்டும்போது கிட்டப் போய்ப் பெட்டியின் முதுகைப் பார்த்தேன். சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு அரையடி நீளத்தில் ஒரு கம்பி வளைந்து கிடந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

பெடல் போன பிறகு அந்த வாசல் கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடலாமென்று மகள் சொன்னாளாம். இவர் வேண்டாமென்றிருக்கிறார். ஆனால் அவருடைய பெட்டியில் துளைகளை வெறுமனே விட்டுவிட்டு அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்தால், போகிற ஒலி திரும்பாது. மொத்த வாசிப்பும் ஊமையாகிவிடும். அதற்காக இந்தக் கம்பி. ஒலி வெளியே போகிறது, அரையடி நடந்து அப்படியே உள்ளே வருகிறது.

"இதனால ஒரு பிரயோஜனமும் இல்லேங்கறா அங்கிள்கிட்டயும் சொல்லி. ஒண்ணு ரெண்டு மில்லி செகண்ட் வீண்ங்கறா" என்றார் நண்பர்.

"மகள் சொல்வது சரிதான்" என்றேன்.

"சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு, கம்பியைக் கழற்றாமலே பெட்டியை உறைக்குள் வைத்து மூடினார்.